கணக்கில் வராத கைகள்

"உதவி செய்தவர் அதைச் சொல்லிக் காட்டலாகாது, உதவி பெற்றவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டால் போதும். ஊரைக் கூட்டிப் பட்டியல் படிப்பானேன்?" - இப்படிப் பேசுவோர் நம்மிடையே பலர். கேட்பதற்கு இனிக்கும் பேச்சு. பண்பு பழுத்த பேச்சுப்போலத் தோன்றும் பேச்சு. ஆனால் தோழர்களே, இப்படிப் பேசுவோர் யார் என்று சற்றே உற்று நோக்குங்கள். பெரும்பாலும் பெயர் பெற்றுவிட்டவர்கள்! மாலை விழுந்துவிட்டது, ஏட்டிலே படம் வந்துவிட்டது, பட்டமும் பரிசும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. அதன் பிறகு, பெயர் பெறாதவனைப் பார்த்து, 'பெயரை விரும்பாதே, அது சிறுமை' என்று உபதேசம் நடக்கிறது. உண்டு முடித்தவன், பந்திக்கு வெளியே நிற்பவனிடம் உண்ணா நோன்பின் உயர்வைப் பேசுவதுபோல!

பெயர் என்றால் வெறும் ஓசையா? அடுத்த வாய்ப்பு பெயரைத் தேடித்தான் வருகிறது. கூலியும் பதவியும் பெயரைப் பார்த்துத்தான் உயர்கின்றன. அதனினும் பெரிது ஒன்று உண்டு. ஒரு சாதனையின் கீழே யாருடைய பெயர் எழுதப்படுகிறதோ, அவருடைய கூட்டத்துக்கே அறிவு உண்டென்று உலகம் முடிவு கட்டுகிறது. யாருடைய பெயர் விடப்படுகிறதோ, அவருக்குக் கை மட்டுமே உண்டு, மூளை இல்லை என்று முடிவு கட்டுகிறது. அறிவு ஓரிடத்தில், உழைப்பு வேறிடத்தில் என்ற அந்தப் பொய்யின் மீதுதான் வருணாசிரமம் என்னும் மாளிகை எழுந்தது. ஆகவே, எதை யார் செய்தார் என்று சரியாகச் சொல்வதை நாம் சபை நாகரிகமாகக் கருதவில்லை. நீதியின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.

இதனை இக்காலத்து அறிவியல் ஒன்றை வைத்தே ஆராய்வோம்.

செயற்கை உயிரியல் என்றொரு துறை வளர்ந்திருக்கிறது. உயிரணுவின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. ஒருவகை எழுத்து, அந்த எழுத்தைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் மனிதன் கற்றுக்கொண்டான். ஓர் உயிரியிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து, இன்னோர் உயிரியில் வைத்து, பொறியாளன் உறுப்புகளைப் பூட்டி எந்திரம் அமைப்பதுபோல, நுண்ணுயிர்க்குப் புதுவேலை கற்பிக்கிறான். படைப்புத் தொழில் நான்முகனுடையது என்று பாடம் படித்த நாட்டிலே, கல்லூரி மாணவனும் மாணவியும் கண்ணாடிக் குடுவைக்குள் அந்தத் தொழிலின் அரிச்சுவடியை எழுதிப் பார்க்கிறார்கள்! பகுத்தறிவாளர் நெஞ்சு பூரிக்க வேண்டிய செய்தி இது.

இதற்கென மாணவர்க்கு ஓர் உலகப் போட்டி உண்டு. ஐஜெம் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2003-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு சிறு பாடமாகத் தொடங்கியது. 2004-இல் ஐந்து குழுக்கள் கலந்துகொண்ட போட்டியாயிற்று. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான குழுக்கள் அதில் கலந்துகொள்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் அங்கே இடமுண்டு. நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2008-லேயே அந்தக் களத்தில் இறங்கியவர்கள்.

அந்தப் போட்டியின் விதிகளிலே ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. ஒவ்வொரு குழுவும், தாம் செய்தது எது, பிறர் செய்துதந்தது எது என்று பிரித்து எழுதிக் காட்டியாக வேண்டும். ஆய்வு முறையைக் கற்பித்தவர், பொருள் தந்தவர், கணக்குப் போட்டுத் தந்தவர், படம் வரைந்து தந்தவர், பேசப் பயிற்றியவர் - அனைவரும் அந்தக் குறிப்பில் வர வேண்டும். எழுதாத குழுவுக்குப் பதக்கம் இல்லை. உதவி பெறுவது அங்கே குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? அந்தத் துறையில் எவரும் தனியே நிற்க இயலாது என்பதால்தான். 2009-ஆம் ஆண்டு பெங்களூரின் சிருஷ்டி கலைப்பள்ளி மாணவர்கள் ஒரு குழு அமைத்து அப்போட்டிக்குச் சென்றனர். ஓவியமும் வடிவமைப்பும் பயின்றவர்கள்! முதல் மழை மண்ணில் விழும்போது எழுகிறதே ஒரு மணம், அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. அந்த மண்மணத்தை, ஆய்வுக்கூடத்தில் வளரும் ஈ.கோலை பாக்டீரியாவைக்கொண்டு உண்டாக்குவதே அவர்களுடைய திட்டம். கலை மாணவர்க்கு உயிரியல் ஆய்வுக்கூடம் ஏது? பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் கதவைத் திறந்தது. எண்ணம் கலைஞர்களுடையது, கூடமும் நுணுக்கமும் அறிவியலாரிடமிருந்து வந்தவை. இதைத் திறந்து சொன்னால் கலைஞர்க்கு இழிவா? இல்லை, வேலி தாண்டி இரு துறைகள் கைகோத்தன என்ற பெருமையே இருவர்க்கும் சேர்கிறது.

பெங்களூர் இருக்கட்டும்; நம் வாசலுக்கு வருவோம். வடசென்னையின் கோடியில், கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள வள்ளூரை எண்ணிப் பாருங்கள். ஆற்றுநீரைத் தேக்கும் அணைக்கட்டு ஒருபுறம். 1,500 மெகாவாட் மின்சாரம் தரும் ஆற்றல் கொண்ட அனல்மின் நிலையம் ஒருபுறம். அப்பால் துறைமுகம், நிலக்கரி, சாம்பல். ஆறு கடலைத் தேடிச் செல்லும் எண்ணூர்க் கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து அந்தக் கழிமுகத்தில் படர்ந்ததை நாடு மறந்திராது. எந்திரம் வந்து சேருமுன் படகேறி, வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை வாரியவர்கள் அந்த ஊர் மீனவர்கள்.

இப்பகுதி மாணவர் நால்வர், நீரில் கலந்த எண்ணெயை உணர்ந்து நிறம் மாறிக் காட்டும் நுண்ணுயிர் ஒன்றை ஆய்வுக்கூடக் குடுவைக்குள் உருவாக்க முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடவாத செயலன்று. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய வங்கத்து அறிவியலாளர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அதற்குக் காப்புரிமை பெறலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பும் பெற்றவர். அவர் சென்ற திசையில் நம் பிள்ளைகள் நான்கு அடி வைக்கக் கூடாதா?

வைக்கிறார்கள். எவ்வாறு? ஒரு மீனவர் படகில் ஏற்றிச் செல்கிறார். நீர் ஏறும் வேளை எது, வற்றும் வேளை எது, வெள்ளம் வடிந்த பிறகும் எண்ணெய் எந்த மடக்கில் தங்கிற்று, அலையாத்தி மரங்களின் வேரில் கறை எவ்வளவு உயரம் ஏறிற்று என்று அவர் காட்டுகிறார். சேற்றுநீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குலத்துப் பெண் ஒருவர், எந்த இடத்துச் சேற்றில் நாற்றம் மாறிற்று, எங்கே இறால் அற்றுப்போயிற்று என்று சொல்கிறார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில், குடுவைகளைக் கழுவி அடுக்கும் உதவியாளர், "தம்பி, சோப்பு சரியாகப் போகவில்லை, அதனால்தான் உன் பாக்டீரியா செத்துக்கொண்டே இருக்கிறது" என்று, மூன்று வாரம் புரியாத புதிரை ஒரு நொடியில் அவிழ்க்கிறார். மூத்த மாணவி ஒருத்தி முறையைக் கற்பிக்கிறாள். டி.என்.ஏ. துண்டு ஒரு தொழிற்கூடத்திலிருந்து அஞ்சலில் வருகிறது. கட்டுரையின் ஆங்கிலத்தை ஓர் ஆசிரியர் திருத்துகிறார். சில பகுதிகளைக் கணிப்பொறியின் செயற்கை அறிவே எழுதித் தருகிறது.

வேலை முடிந்தது, ஏடு அச்சாகிறது. முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி! நிர்வாகத்தினருக்கு நன்றி! முதல்வருக்கு நன்றி! துறைத்தலைவருக்கு நன்றி! பெற்றோருக்கு நன்றி! உதவிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் நன்றி!

மீனவர் எங்கே? 'நல்லுள்ளங்களில்' கரைந்துபோனார். இறால் பிடிக்கும் பெண் எங்கே? குடுவை கழுவியவர் எங்கே? அனைவரும் அந்த ஒரு சொல்லுக்குள்! ஆய்வுக்கூடத்தின் பக்கமே வராத ஆண்டவனுக்கு முதல் வரி. சோப்பு நுரையைக் கண்டு சொன்னவருக்கு அரை வரியும் இல்லை.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை வற்புறுத்துகிறோம். நன்றி பாராட்டுவது ஒன்று. கணக்குக் காட்டுவது மற்றொன்று. நன்றி, உணர்ச்சியின் பாற்பட்டது. அது பெரும்பாலும் மேல்நோக்கியே பாய்கிறது. பதவியில் இருப்பவரை நோக்கி, நாளை பயன்படக்கூடியவரை நோக்கிப் பாய்கிறது. கணக்கு அப்படியன்று. அது நான்கு திசையிலும் பார்க்கும். 'இன்னார், இன்ன நாளில், இன்னது செய்தார். அதனால் எங்கள் வேலையில் இன்னது மாறிற்று' என்று சொல்லும். கொடுத்தவன் உயரத்தில் நிற்கவும் பெற்றவன் காலடியில் கிடக்கவும் அங்கே தேவையில்லை. இருவரும் நிமிர்ந்து நிற்கலாம்.

வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பெயரைக் கூர்ந்து நோக்குங்கள்: செய்ந்நன்றி அறிதல். செய்ந்நன்றி வணங்குதல் என்று அவர் பெயரிடவில்லை. செய்ந்நன்றி புகழ்தல் என்றும் பெயரிடவில்லை. அறிதல்! யார் என்ன செய்தார் என்பதை அறிவது அறிவின் வேலை. ஆகவே பகுத்தறிவின் வேலை. அடுத்த அதிகாரம் எது? நடுவு நிலைமை! நன்றியுணர்ச்சி மிகுந்து நடுவுநிலை சாய்ந்துவிடலாகாது என்பதற்காகவே அது பின்னே வைக்கப்பட்டது என்று உரைகாரர் பரிமேலழகரும் காரணம் கூறுகிறார். பரிமேலழகரோடு நமக்குப் பிணக்குகள் பல உண்டு. இந்த இடத்தில் அவர் சொல்வது சரி.

கணக்கு எழுதும் பழக்கம் தமிழனுக்குப் புதிதா? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படியுங்கள். மன்னன் கொடுத்ததும், மன்னனின் தமக்கை கொடுத்ததும் எழுதப்பட்டுள்ளன. ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரும் எழுதப்பட்டுள்ளன. பெருந்தச்சன் பெயரும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இத்தனை நுணுக்கம்! ஆனால் கல்லைச் சுமந்தவன் பெயரை அந்தச் சுவரில் தேடிப் பாருங்கள். கிடைக்காது. எழுதத் தெரியாததால் விட்டதன்று அது. அவனைக் கணக்கில் சேர்க்கத் தோன்றாததால் விட்டது.

அறிவியல் உலகம் இந்த நோய்க்கு அப்பாற்பட்டதென்று எண்ண வேண்டா. 1928 பிப்ரவரி 28 - இராமன் விளைவு அறியப்பட்ட நாள். இன்று தேசிய அறிவியல் நாள். அந்த நாள்களில் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் சி.வி. இராமனோடு சேர்ந்து ஆய்வு செய்தவர் கே.எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்தவர். அவ்வாண்டு மார்ச்சு 31-இல் 'நேச்சர்' இதழில் வந்த அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு. மார்ச்சு 16-இல் பெங்களூரில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரை இராமன் பெயரில் மட்டும் அச்சேறியது. 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே வந்தது. பரிசுரையில் இராமன் கிருஷ்ணனையும் வேறு சிலரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் கணக்குதான். ஆனால் இன்று ஒரு பள்ளிப்பிள்ளையைக் கேளுங்கள். இராமனைத் தெரியும், கிருஷ்ணனைத் தெரியாது. அப்படியிருந்தும் அவருடைய பங்கினை வரலாற்றாளர் எடுத்துக்காட்ட முடிகிறதென்றால், ஒரு காரணம் அந்நாள்களில் கிருஷ்ணன் எழுதிவந்த நாட்குறிப்பு! அன்றன்று எழுதிய கணக்கு, ஆண்டுகள் கடந்தும் பேசுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் ஆற்றிய பணியும் நமக்குப் பாடம். உடலின் தோலிலும் எலும்பிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை வடிவத்தை, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் அவர் வெளியிட்டார். புரதங்களின் வடிவத்தைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் வரைபடம் ஒன்று 1963-இல் வந்தது. அந்தக் கட்டுரையில் மூவர் பெயர்: இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன். கட்டுரை நேர்மையானது, மூவரையும் சொல்லிற்று. உலக வழக்கோ 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று இருவரை உதிர்த்துவிட்டது. எழுதினாலே உதிர்க்கும் உலகம், எழுதாமல் விட்டால் என்ன செய்யும்?

அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே வருணம் இல்லை, நிறம் இருந்தது. விவியன் தாமஸ் ஒரு கருப்பின இளைஞர். மருத்துவம் படிக்க ஆசை. பொருளாதாரச் சரிவில் சேமிப்பு கரைந்தது. 1930-இல் ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதயக் குறையோடு பிறந்து உடல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளைக் காக்கும் அறுவை முறையை நாய்களிடம் செய்து செய்து தேர்ந்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னே நின்று வழிசொன்னவரும் அவரே. 1945-இல் வந்த கட்டுரையில் பிளேலாக் பெயர் இருந்தது. ஹெலன் டாசிக் பெயர் இருந்தது. தாமஸ் பெயர் இல்லை! அதே நிறுவனம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1976-இல். முப்பது ஆண்டுக்கு மேல் பிந்திய நீதி!

நம் பொதிகை மலைக்கும் வாருங்கள். 1987-இல், அகத்தியர் மலைக்காட்டில், தாவர ஆய்வாளர் குழுவொன்று களைத்து நடந்தது. வழிகாட்டி வந்த காணி மக்கள் மட்டும் களைக்கவில்லை. ஏதோ ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். 'ஆரோக்கியப் பச்சை' என்னும் அந்தச் செடியை அவர்கள் காட்டிக்கொடுத்தனர். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, பத்து இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்கும் ஒரு மருந்துக் கம்பெனிக்கு உரிமம் தந்தது. வந்ததில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. அந்த ஏற்பாட்டின் நடைமுறையில் குறைகள் பல பேசப்பட்டன. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: 'இந்த அறிவு அவர்களிடமிருந்து வந்தது' என்ற ஒரு வரி ஏட்டில் இருந்ததால்தான், பாதி யாருக்கு என்ற கேள்வியே பிறக்க முடிந்தது. பெயர் இல்லாத இடத்தில் பங்கு கேட்க வாயேது?

இதுவரை, சேர்க்க வேண்டிய பெயரை விடும் குற்றத்தைப் பேசினோம். சேர்க்கக்கூடாத பெயரைச் சேர்க்கும் குற்றமும் உண்டு. அதற்குப் பாரதக் கதையிலே பழைய சான்று இருக்கிறது. ஏகலைவன் துரோணரிடம் வில் கற்க வந்தான். வேடன் மகன் என்பதால் விரட்டப்பட்டான். காட்டிலே தானே பயின்றான். தன் கண், தன் கை, தன் உழைப்பு. "உன் குரு யார்?" என்று கேட்டபோது அவன் என்ன சொன்னான்? "துரோணர்" என்றான்! ஒரு நாளும் ஓர் அம்பையும் எடுத்துக்காட்டாதவருக்கு முழுப் பெருமையையும் எழுதிக்கொடுத்தான். விளைவு? பெருமையை வாங்கிக்கொண்டவர் கட்டைவிரலையும் கேட்டார். இதனைக் குருபக்தியின் சிகரம் என்று பாடம் நடத்துகிறார்கள். நாம் இதனைப் பொய்க்கணக்கின் விலை என்போம். தராத கல்விக்குத் தட்சிணை ஏது?

துரோணர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தை எட்டிப் பாராத மேலாளர் பெயர் கட்டுரையின் தலைப்பில் அமர்வதை எத்தனை இளைஞர் கண்டு, கையாலாகாமல் பெருமூச்சு விடுகிறார்கள்! 1978-இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர் குழுவின் வழிவந்த விதிகள் இதனைத் திட்டமாக மறுக்கின்றன. பணம் பெற்றுத் தந்ததோ, துறைக்குத் தலைமை தாங்குவதோ மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்காது என்பது அவ்விதி. விடுவதும் பொய், திணிப்பதும் பொய். இரண்டு பொய்யும் ஒரே திசையில்தான் ஓடுகின்றன - கீழே இருப்பவனிடமிருந்து எடுத்து, மேலே இருப்பவனிடம் சேர்க்கின்றன.

மறுப்புரைகள் வரும், விடை கூறுவோம்.

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பார் ஒருவர். நல்லது. அந்த உபதேசத்தைப் பலனைப் பெற்றுக்கொள்பவரிடம் முதலில் சொல்லுங்கள்! பதக்கத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்! எப்போதும் உழைப்பவன் காதில் மட்டுமே ஓதப்படும் தத்துவம், தத்துவமன்று, தந்திரம்.

"பட்டியலுக்கு முடிவேது? காகிதம் செய்தவன், மின்கம்பி இழுத்தவன், உன் பாட்டன் முப்பாட்டன் வரை எழுதுவாயா?" என்பார் மற்றொருவர். எல்லை உண்டு. இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இவர் இல்லாதிருந்தால் இந்த வேலை நின்றிருக்குமா, அல்லது வேறாகியிருக்குமா? ஆம் எனில் எழுதுங்கள். கடையில் குடுவை விற்றவர் இல்லையேல் வேறொரு கடை. சோப்பைக் கண்டு சொன்னவர் இல்லையேல் வேலையே இல்லை. என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்போது பல ஆய்விதழ்கள், எண்ணம் வகுத்தல், சோதனை செய்தல், பொருள் வழங்கல், நிரல் எழுதல், கட்டுரை எழுதல் என்று 14 வகைப் பங்குகளைப் பிரித்து, யாருக்கு எது என்று கேட்கின்றன. பதினான்கில் எதிலும் ஒருவரை வைக்க முடியவில்லையென்றால், அவர் பெயர் அந்த ஏட்டில் ஏன் இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது மறுப்பு, மற்றவற்றினும் கனமானது. "பெயரை எழுதினால் அவருக்கே தீங்கு வந்தால்?" ஆலையிலே ஒப்பந்தக் கூலியாக இருக்கும் ஒருவர், கழிவு எந்த வேளையில் எந்த வாய்க்காலில் வருகிறது என்று மாணவர்க்குச் சொன்னார் எனில், அவர் பெயரை அச்சிடுவது அவர் அடுப்பை அணைப்பதாகும். ஆகவே, கேட்டு எழுதுங்கள். "உங்கள் பெயரைப் போடலாமா? நீங்கள் சொன்னதாக இதை எழுதியிருக்கிறோம், சரிதானா?" என்று, அவருக்குப் புரியும் தமிழில் படித்துக்காட்டிக் கேளுங்கள். வேண்டா என்றால் பெயரை மறைத்து, பங்கை மட்டும் எழுதுங்கள்: 'இப்பகுதித் தொழிலாளி ஒருவர் தந்த செய்தியால் நாங்கள் நீர் எடுக்கும் நேரத்தை மாற்றினோம்' என்று. பெயரை மறைப்பது அவருடைய உரிமை. பங்கை மறைப்பது நம் உரிமையன்று.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையே நாம் இளைஞர் முன் முதன்மையாக வைக்க விரும்புகிறோம். "உதவியை எல்லாம் வெளியே சொன்னால், நாங்கள் செய்தது சிறுத்துவிடாதா?" என்று மாணவர் அஞ்சுகின்றனர். எண்ணிப் பாருங்கள். மாநகரத்தின் பெரிய பள்ளியில் படிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளை பரிசு பெற்றால், 'மேதை' என்கிறார்கள். யார் உதவினார் என்று எவரும் கேட்பதில்லை. வடசென்னைக் குப்பத்துப் பிள்ளை, தன் குலத்திலே முதன்முதல் கல்லூரி கண்ட பிள்ளை, பரிசு பெற்றாலோ, "யாரோ செய்து கொடுத்திருப்பார்கள்" என்று உதடு பிதுக்குகிறார்கள். ஐயம் எப்போதும் ஏழையின் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது! அதனை விரட்டும் ஆயுதம் எது? கணக்கு ஏடு! 'இது அவர் செய்தது, இது இவர் செய்தது' என்று ஒளிவின்றி எழுதிவிட்டால், எஞ்சியிருப்பது முழுவதும் என்னுடையது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். பிறர் பங்கை ஒப்புக்கொள்ளும் கோடுதான் நம் பங்குக்கும் வேலி. அந்தக் கோட்டைப் போடாதவன், தன் நிலத்தின் எல்லையையும் தானே அழித்துக்கொள்கிறான்.

அது மட்டுமா? அறிவியலின் உயிர்நாடி, சோதித்துப் பார்த்தல். இன்னொரு குழு நாளை அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவர் சொல்லை நம்பி அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது, எந்த வரியைக் கணிப்பொறி எழுதிற்று என்ற தடம் இல்லையேல், பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று எப்படிக் கண்டறிவது? உதவியை மறைப்பவன் ஒரு மனிதரை மட்டும் மறைக்கவில்லை. உண்மைக்குச் செல்லும் வழியையும் அடைக்கிறான். 'நான் சொல்கிறேன், நம்பு' என்பது வேதத்தின் குரல். 'இப்படி வந்தேன், நீயும் நடந்து பார்' என்பதே அறிவியலின் குரல்.

ஆகவே இளைஞர்காள்! ஆய்வில் இறங்கும் முதல் நாளே ஒரு குறிப்பேட்டைத் திறவுங்கள். யார், எப்போது, என்ன - மூன்று கட்டம் போதும். அன்றன்று எழுதுங்கள், பரிசு வந்தபின் நினைவு வசதிக்கேற்ப வளையும். குடுவை கழுவுபவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆண்டு ஒரே கூடத்தில் பணிபுரிந்தும் பெயர் கேட்கப்படாதவர்கள் நாட்டில் நிரம்ப இருக்கிறார்கள். அச்சான ஏட்டின் ஒரு படியை, படகோட்டி வந்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவர் சொல்லால் எது மாறிற்று என்று அவர் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். கழிமுகத்து நீரைப் பற்றித் தங்கள் தந்தைக்குத் தெரிந்தது அறிவியல் ஏட்டிலே இடம்பெறும் தகுதி உடையது என்று அந்தப் பிள்ளைகள் அறியட்டும். அந்த அறிதலிலிருந்து, அடுத்த ஏட்டை எழுதப்போகும் கை ஒன்று புறப்பட்டு வரலாம்.